கப்பல் போனாலும் துறை இருக்கும்



ஜாவா படிப்பிக்கும் நாம் வழக்கமாக இன்ஹெரிட்டன்ஸில்தான் தொடங்குகிறோம். நாய் ஒரு விலங்கு, கார் ஒரு வாகனம். பிள்ளைகளும் பாடமாக்கிவிடுகிறார்கள். ஆனால் செயற்றிட்டம் எழுத உட்கார்ந்தால் அவர்கள் சிக்குவது ‘எதனிடம் எது இருக்கிறது’ என்பதில்தான்.

நம் திருகோணமலைத் துறைமுகத்திலேயே தொடங்கலாமே! அஷ்ரப் இறங்குதுறை துறைமுகத்தின் ஒரு பகுதி. துறைமுகம் இல்லாமல் அது இல்லை. அங்கு அணைந்து நிற்கும் கப்பலோ நாளை கொழும்புக்குப் போய்விடும், போனாலும் அது கப்பல்தான். முதலாவது கம்போசிஷன், இரண்டாவது அக்ரிகேஷன்.

அடுத்தது சங்கிலி. துறைமுகம், இறங்குதுறை, கப்பல், கப்டன், பெயர் என்று புள்ளி வைத்து வைத்து உள்ளே இறங்குகிறோம். துறை வெறுமையாக இருந்தால் கப்பல் ‘நல்’ (பெயர்தான் நல்லது!). கப்டனைக் கேட்ட இடத்தில் நிரல் விழுந்துவிடும். எந்தக் கண்ணி அறுந்தது என்று பிழைச்செய்தியில் சொல்லும் வசதியே 2020இல், ஜாவா 14இல்தான் சேர்ந்தது.

இதற்காகப் படிக்குப் படி ‘இஃப்’ போடப் பழக்குகிறோம். அது பிழையான பழக்கம். இறங்குதுறைக்கே ஒரு மெதட் எழுதச் சொல்வோம். கப்பல் நிற்கிறதா என்று பார்ப்பது துறையின் வேலை. இதைக் காட்டாமல் இன்ஹெரிட்டன்ஸ் மரம் வரைய வைத்துவிட்டு, ‘கோடிங் எனக்கு வராது சேர்’ என்று பிள்ளை ஒதுங்கும்போது பிள்ளையையே குறை சொல்கிறோம்.