மிளகாய் சொல்லும் பாடம்

போலாரத்தில் ஒரு பொங்கல் விருந்தில் பக்கத்து இலைக்காரர், "தெலுங்குக்காரர் காரம் நமக்கு ஆகாதய்யா, நம் பாரம்பரியம் வேறு" என்றார். சொன்னது, மிளகாய் மிதக்கும் வத்தக்குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டே!

மிளகாய் நமக்கும் சொந்தமில்லை, அவர்களுக்கும் சொந்தமில்லை. அமெரிக்காவில் பிறந்து, 1498-க்குப் பிறகு போர்ச்சுகீசியர் கப்பலில் வந்திறங்கியது. அதுவரை காரத்துக்கு மிளகுதான். அதை வைத்தே நாம் மிளகாய் என்றோம். தெலுங்கில் மிளகு மிரியாலு, மிளகாய் மிரபகாய. இருவருக்கும் ஒரே யோசனை!

நம்பாதவர்கள் திவசச் சமையலைப் பாருங்கள். பல வீடுகளில் அன்று மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் இலையில் விழாது. மூன்றுமே அமெரிக்க வரவு. நம் பழைய முன்னோர் கண்டறியாதவை. மறுநாளே மூன்றும் அடுப்பேறிவிடும்!

ரயில்வே மாற்றல் உத்தரவோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். என் பேரப்பிள்ளைகள் சண்டை போடுவதே தெலுங்கில்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. வெளியிலிருந்து வந்த மிளகாய் ஊரோடு ஒன்றிவிட்டது; நாமும் ஒன்றுவோம். ஆனால் நம் வீட்டு அடுப்படியில் அது 'மிர்ச்சி' ஆகிவிட வேண்டாம். மிளகாய் என்றே குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.