வாக்குத்தத்த அட்டை மட்டும் போதுமா?

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் பெரும்பாலான தமிழ் கிறிஸ்தவ சபைகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஒரு தட்டில் சின்னச் சின்ன அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொருவராக வந்து ஒரு நொடி கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒரு அட்டையை எடுப்பார்கள். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருடத்துக்கான வாக்குத்தத்தம். வீட்டுக்கு வந்ததும் அது பைபிளுக்குள்ளோ பர்ஸுக்குள்ளோ போய்விடும். சிலர் வீட்டில் கண்ணாடி ஓரத்தில் செருகி வைப்பார்கள்.

இந்தப் பழக்கத்தைக் கேலி செய்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. அருப்புக்கோட்டையை ஒட்டியிருக்கும் பாளையம்பட்டி, திருச்சுழி பக்கம் போன்ற மானாவாரி பூமியில் ஒரு நல்ல வார்த்தையின் அருமை நன்றாகவே தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கண்மாய் பெருகும், பருத்தியும் கம்பும் மல்லியும் மிளகாயும் தேறும். மழை ஏமாற்றினால் விதைக்கும் உழவுக்கும் போட்ட பணம் மண்ணோடு போகும். அப்படிப்பட்ட இடத்தில் "இந்த வருடம் நன்றாக இருக்கும்" என்று கடவுளே சொன்னதாக ஒரு அட்டை கைக்கு வந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

பிரச்சினை அட்டையில் இல்லை. அந்த அட்டையோடு வேதாகமம் முடிந்துபோவதில்தான் பிரச்சினை. ஒரு வசனம் தெரிந்தால் போதும், அதைச் சொன்னவர் எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டாம் என்ற நிலைமை வந்துவிட்டால் அது பக்தியா, லாட்டரிச் சீட்டா?

ஒரு உதாரணம் பார்க்கலாம். அட்டைகளிலும் காலண்டர்களிலும் அதிகமாக அச்சிடப்படும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. தம்முடைய ஜனங்களைக் குறித்துக் கடவுள் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று சொல்லும் வசனம். பரீட்சை எழுதப் போகிறவரிலிருந்து புதுக்கடை திறப்பவர் வரை எல்லோருக்கும் இந்த வசனம் பிடிக்கும். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தக் கடிதம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும், பாபிலோன் ராஜாவின் நுகம் முறிந்துவிடும் என்று ஆலயத்திலேயே நின்று சொல்கிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியாவோ எழுபது வருடம் என்கிறார். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதுகிறார். எழுபது வருடம் என்றால் அந்தக் கடிதத்தைப் படித்த பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பப் போவதில்லை என்றுதான் அர்த்தம். அதற்குப் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற வசனம் வருகிறது.

ஆக, சீக்கிரத்தில் எல்லாம் கிடைத்துவிடும் என்று சொன்ன பொய்த் தீர்க்கதரிசிக்கு எதிராகச் சொல்லப்பட்ட வார்த்தை அது. இன்றைக்கு அதையே பிய்த்தெடுத்து "இந்த வருஷமே உனக்கு விடுதலை" என்ற அர்த்தத்தில் கொடுக்கும்போது, எரேமியாவின் வசனத்தை வைத்துக்கொண்டு அனனியாவின் பிரசங்கம் நடக்கிறது! அதிகாரம் முழுவதையும் படிக்கிறவருக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் கிடைக்கும். உடனே ஒன்றும் நடக்காவிட்டாலும், தான் சாகும்வரை நடக்காவிட்டாலும் கூட, கடவுள் மறந்துவிடவில்லை என்ற ஆறுதல் அது. மழை பொய்த்த மூன்றாவது வருடத்திலும் இந்த ஆறுதல் நிற்கும். அட்டையின் ஆறுதல் முதல் வருடத்திலேயே காய்ந்துவிடும்.

இன்னொரு உதாரணம் மல்கியா 3. இதன் பத்தாம் வசனத்தைக் கேட்காத கிறிஸ்தவர் இருக்க முடியாது. தசமபாகம் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறந்து ஆசீர்வாதம் கொட்டும் என்ற வாக்கு. காணிக்கை எடுப்பதற்கு முன்னால் இதை வாசிக்கும் சபைகள் ஏராளம். ஆனால் அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனம்? அதில் கடவுள் சிலருக்கு விரோதமாகத் தாமே சாட்சியாக வருவேன் என்கிறார். யார் அவர்கள்? சூனியக்காரர், விபசாரர், பொய்யாணை இடுகிறவர் என்று தொடங்கும் பட்டியலில் கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்கிறவனும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவனும், பரதேசியின் நியாயத்தைப் புரட்டுகிறவனும் இருக்கிறார்கள்.

பத்தாம் வசனம் மட்டும் தெரிந்த முதலாளி மில்லிலோ தறியிலோ வேலை பார்ப்பவருக்குக் கூலியைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, அதில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கைப் பெட்டியில் போட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஐந்தாம் வசனத்தையும் சேர்த்துப் படித்தவர் அப்படிப் போக முடியாது. பத்து மட்டும் படித்தால் கடவுள் ஒரு முதலீட்டுத் திட்டம் நடத்துகிறவர் போலத் தெரிவார், இவ்வளவு போட்டால் இவ்வளவு திரும்பி வரும் என்று. ஐந்தையும் படித்தால்தான் அவர் நீதியுள்ளவர் என்பது தெரிகிறது. லேவியராகமம் 19-ஆம் அதிகாரமும் இதையே சொல்கிறது. நாங்கள் பரிசுத்தமாக இருப்பது எப்படி என்று கேட்டால் அந்த அதிகாரம் கொடுக்கும் பதிலில் சரியான தராசு, சரியான படி, அன்றைய கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாமை, வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டு அறுப்பது எல்லாம் இருக்கின்றன. கடவுளின் குணம் ஜெப அறையில் மட்டும் அல்ல, கடையின் தராசிலும் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் பொருள். இது எந்த அட்டையில் வருகிறது?

கடவுளின் குணத்தைப் பற்றி வேதாகமமே ஒரு சுருக்கம் தருகிறது. அது யாத்திராகமம் 34:6,7. அவர் இரக்கமும் கிருபையும் உள்ளவர், கோபிக்க அவசரப்படாதவர், அன்பும் உண்மையும் மிகுந்தவர், மன்னிக்கிறவர், ஆனால் குற்றத்தைக் குற்றம் இல்லை என்று விட்டுவிடாதவர் என்பது அதன் சாரம். இது சொல்லப்பட்ட நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஜனங்கள் பொன் கன்றுக்குட்டி செய்து கும்பிட்ட உடனே, உடைந்த கற்பலகைகளுக்குப் பதிலாகப் புதுப் பலகைகள் வெட்டிக்கொண்டு மோசே மலையேறிய போது சொல்லப்பட்டது. நல்லபிள்ளைகளுக்குக் கொடுத்த சான்றிதழ் அல்ல. துரோகம் செய்தவர்களிடம் கடவுள் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட விதம் இது.

இதே சுருக்கம் எண்ணாகமம் 14, நெகேமியா 9, சங்கீதம் 103, யோவேல் 2, நாகூம் 1 என்று பல இடங்களில் திரும்ப வருகிறது. வேடிக்கை என்னவென்றால் யோனா 4-இல் இது ஒரு புகாராக வருகிறது! நீர் இப்படி இரக்கமுள்ளவர் என்று தெரிந்துதான் ஓடிப்போனேன் என்று யோனா கடவுளிடம் கோபப்படுகிறார். எதிரியான நினிவே தப்பித்துக்கொண்டதில் அவருக்கு வருத்தம். தனக்கு இரக்கம், எதிரிக்குத் தண்டனை என்று பிரித்துக்கொள்ள மனிதன் ஆசைப்படுவான். முழு வேதமும் அதற்கு இடம் கொடுப்பதில்லை. இங்கே அன்பு என்று வரும் எபிரேயச் சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு பல இடங்களில் 'கிருபை' என்று சொல்லும், 1995-இல் வந்த திருவிவிலியம் 'பேரன்பு' என்று சொல்லும். கொடுத்த வாக்கை விட்டுவிடாத அன்பு என்பதே அதன் கருத்து.

இப்போது மழைக்கு வருவோம். வறண்ட பூமியில் வாழும் விசுவாசிக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. கண்மாய் காய்ந்தால் கடவுள் கோபமாக இருக்கிறாரா? உபாகமம் 28-ஐ மட்டும் படித்தால் ஆம் என்று சொல்லத் தோன்றும். கீழ்ப்படியாதவர்களுக்கு வானம் வெண்கலமாகும் என்று அங்கே இருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் கஷ்டத்துக்குத் தீர்ப்பு எழுதியவர்கள் வேதத்திலேயே இருக்கிறார்கள். யோபுவின் நண்பர்கள்! நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இது வந்தது என்று பக்கம் பக்கமாகப் பேசினார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் அவர்களைத்தான் கண்டிக்கிறார், தம்மைக் குறித்து அவர்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். இயேசுவோ நீதியுள்ளவன் மேலும் அநீதியுள்ளவன் மேலும் ஒரே மழைதான் பெய்கிறது என்று மலைப் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். ஆபகூக் புத்தகத்தின் முடிவில் வயல் விளையாமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழுவேன் என்று ஒருவர் நிற்கிறார். பயிர் கருகி நிற்கும் குடும்பத்திடம் போய் "உங்களுக்கு விசுவாசம் குறைவு" என்று சொல்லும் பிரசங்கிக்கு இந்தப் பக்கங்கள் தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பாரா?

ஒற்றை வசனத்தை உருவி எடுப்பதன் ஆபத்தை வேதாகமமே காட்டுகிறது. மத்தேயு 4-இல் இயேசுவைச் சோதித்த பிசாசு சங்கீதம் 91-லிருந்துதான் வசனம் சொல்கிறான். வசனம் உண்மையான வசனம்தான்! இயேசு அதற்கு, இப்படியும் எழுதியிருக்கிறதே என்று உபாகமத்திலிருந்து இன்னொரு வசனத்தைக் கொண்டு பதில் சொல்கிறார். வசனத்தை வசனத்தால் சரிபார்க்க வேண்டுமானால் முதலில் இரண்டு வசனமாவது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

தமிழில் இந்தப் புத்தகம் சும்மா வந்துவிடவில்லை. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதி அ, ஆ கற்றுக்கொண்டவர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. பிறகு பப்ரிசியுஸ், ரேனியஸ், பவர் என்று பலர் உழைத்தார்கள். கடவுளைக் குறிக்க ஒரு சொல் தேடியே இவர்கள் பட்ட பாடு பெரிது. சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்றார், பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார், 1871-இன் ஐக்கிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது, திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. பெயர் இத்தனை முறை மாறியும் விசுவாசம் மாறவில்லை. காரணம், அவர் யார் என்பதைச் சொல்வது அந்தப் பெயர் அல்ல, அந்தப் புத்தகம் முழுவதும் அவர் நடந்துகொண்ட விதம்தான்.

மதுரைச் சீமையில் 1834-இல் வேலை தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் கிராமங்களில் பள்ளிக்கூடங்கள் வைத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், விசுவாசிகள் தாங்களே வேதத்தை வாசிக்க வேண்டும் என்பது. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க வேதாகம ஸ்திரீகள் இருந்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏட்டின் மூலம் எல்லா விசுவாசிகளும் வேதத்தை அடிக்கடி வாசிக்கும்படி வலியுறுத்தியது. எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டு முழு அதிகாரங்களைப் படித்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள், பட்டம் வாங்கிய பிறகு ஒரு அட்டையோடு திருப்தி அடைவது முன்னேற்றமா?

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. காலையில் தீப்பெட்டி ஆபீசுக்கோ மில்லுக்கோ போய் இருட்டிய பிறகு வருகிறவருக்கு அதிகாரம் அதிகாரமாகப் படிக்க நேரம் எங்கே? எழுதப் படிக்கத் தெரியாத முதியவருக்கு அந்த ஒரு வசனமாவது மிஞ்சுகிறதே? உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நடக்காத காரியம் அல்ல. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு ஒன்று என்றால் ஒரு வருடத்தில் சரியாக முடிந்துவிடும். வாசிக்க முடியாதவர்களுக்கு இப்போது செல்போனிலேயே ஒலி வடிவில் வேதாகமம் கிடைக்கிறது. வீட்டில் ஒரு பிள்ளை சத்தமாக வாசித்தால் அதுவும் போதும். அட்டையை எடுக்கிறவர்கள் எடுக்கட்டும். சபைகள் ஒன்றே ஒன்று செய்யலாம். அட்டையில் வசனத்துக்குக் கீழே "இந்த அதிகாரம் முழுவதையும் இந்த வாரம் படிக்கவும்" என்று ஒரு வரி சேர்த்து அச்சிடலாம். செலவு கூடாது!

கடைவீதியில் ஒரு வியாபாரி ஒருவருக்குக் கடன் கொடுப்பது அவர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி அல்ல. பேரேட்டில் பல வருடமாக அவர் வாங்கியதும் கொடுத்ததும் எழுதியிருக்கும். நல்ல வருடத்தில் எப்படி நடந்தார், கஷ்ட வருடத்தில் எப்படி நடந்தார் என்று பார்த்துத்தான் நம்பிக்கை வரும். கடவுளை நம்புவதும் ஏறக்குறைய அப்படித்தான். வேதாகமம் என்பது அவர் மனிதர்களோடு நடந்துகொண்ட நீண்ட கணக்கு. அதில் பஞ்சமும் உண்டு, பெருமழையும் உண்டு, சிறையிருப்பும் திரும்பி வருதலும் சிலுவையும் உண்டு. ஒரு வரியை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டால் அந்த வரி பலிக்காதபோது விசுவாசமும் போய்விடும். கணக்கு முழுவதையும் படித்தவர் அடுத்த மழைக்காகக் காத்திருப்பார், மழை வராவிட்டாலும் அவரை விட்டுப் போகமாட்டார்.