நான்கு ஸ்பிரிங்கும் ஒரு டிரைவரின் சம்பளமும்

குடகிலும் சிக்மகளூரிலும் காப்பித் தோட்டங்களில் பிழைக்கும் நம்மவர்களில் ஜீப் டிரைவர்களும் உண்டு. மழைக்காலம் வந்துவிட்டால் இவர்களுக்கு நிம்மதி போய்விடுகிறது. தோட்டப் பாதையில் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால் முதல் ஏச்சு டிரைவருக்குத்தான். பாதையைச் சீர் செய்யாதவரையும், வழுக்கைத் டயரை மாற்றாதவரையும் யாரும் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த டிரைவர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் பழைய ஜீப் அவருடையது. மழையில் ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றுகொண்டே இருந்தது, வண்டி அசையவில்லை. முதலாளி ஒர்க்ஷாப்புக்கு அனுப்பினார். அங்கே மெக்கானிக், "டிஃபரன்ஷியலுக்குள் ஒரு செட் போட்டுவிட்டால் எந்தச் சேற்றிலும் நிற்காது" என்று அடித்துச் சொன்னார். செட் என்றால் இரண்டு எஃகுத் தகடு, நடுவில் நான்கு ஸ்பிரிங். போட்டாயிற்று. பணம் டிரைவரின் சம்பளத்தில் தவணையாகப் பிடிக்கப்பட்டது. இரண்டே வாரத்தில் வண்டி மறுபடியும் நின்றது. ஏச்சும் மறுபடியும் அவருக்கே!

இதில் குற்றம் யாருடையது? டிஃபரன்ஷியல் செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் விடை தானே கிடைக்கும்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடியாக வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தெருமுனையில் ஒரு முறை செங்குத்தாகத் திரும்பினால் வெளிச்சக்கரம் சுமார் 2.2 மீட்டர் கூடுதலாக உருள்கிறது. இரண்டும் ஒரே கம்பியில் இறுகப் பூட்டியிருந்தால் ஏதாவது ஒரு டயர் ரோட்டில் தேய்ந்துதான் தீர வேண்டும். இதைத் தவிர்க்கவே கிரவுன் வீலோடு சேர்ந்த கூட்டுக்குள் இரண்டு சைடு கியர்களையும், அவற்றுக்கிடையே ஸ்டார் பினியன்களையும் வைத்திருக்கிறார்கள். சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இவை இடம் கொடுக்கின்றன.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. வேகம் மாறினாலும் இழுவிசை இரு பக்கமும் சமமாகவே பங்கிடப்படுகிறது. சேற்றில் இருக்கும் சக்கரம் 10 பங்கு விசையைத்தான் தாங்கும் என்றால், கெட்டித் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் 10 பங்குதான் போகும். மொத்தம் 20. வண்டி நகர 60 பங்கு தேவையானால், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை. சேற்றுச் சக்கரம் சுழலும், குழி ஆழமாகும்.

இப்போது அந்தச் செட் செய்வதைப் பார்ப்போம். ஸ்பிரிங்குகள் தகடுகளை இரு பக்கமும் தள்ளி, சைடு கியர்களின் மீது அழுத்துகின்றன. இந்த உராய்வினால் ஒரு சக்கரம் தனியே சுழன்று ஓடுவது கொஞ்சம் தடைப்படுகிறது. அந்த உராய்வு 5 பங்கு என்றால், கெட்டித் தரைச் சக்கரத்துக்கு 10-க்குப் பதில் 15 கிடைக்கும். மொத்தம் 25. சேற்றுச் சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலோ, மற்றதற்குக் கிடைப்பது வெறும் 5 பங்குதான். தேவையோ 60. நம் டிரைவரின் வண்டி ஏன் நின்றது என்பது இப்போது விளங்கும். அவர் ஓட்டியதில் பிழையில்லை, கணக்கிலேயே இடமில்லை.

இந்தச் செட் முழு மோசடி என்று நான் சொல்லவில்லை. ஈரப் புல்லிலோ, லேசான மணலிலோ, இன்னும் சிறிது விசை கிடைத்தால் போதும் என்கிற இடத்தில் அது கைகொடுக்கும். ஆனால் ஸ்பிரிங்கின் அழுத்தம் என்றும் ஒரே அளவுதான். என்ஜின் அதிகமாக இழுத்தாலும் அது கூடுவதில்லை. உராய்ந்து வேலை செய்யும் பொருளாகையால் தேய்மானமும் உண்டு. தேய்ந்த இரும்புத்தூள் கியர் ஆயிலில் கலக்கிறது. ஆயிலை மாற்றாமல் விட்டால் பேரிங்கும் பினியனும் சேர்ந்து கெடும்.

உண்மையான லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலின் அமைப்பு வேறு. ஒரு வகையில், என்ஜின் எவ்வளவு பலமாக இழுக்கிறதோ அவ்வளவு பலமாகக் கிளட்ச் தகடுகள் தாமே இறுகும். லிமிடெட் ஸ்லிப் அல்லாத இன்னொரு வகை, ஸ்டார் பினியனையும் சைடு கியரையும் எடுத்துவிட்டு, பழைய கூட்டுக்குள்ளேயே பல் வைத்த பூட்டைப் பொருத்துவது. இது இரு சக்கரத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். திரும்பும்போது வெளிச்சக்கரத்தை மட்டும் டக் டக்கென்று நழுவவிடும். சேற்றுக்கு இதுவே சரி. ஆனால் தார் ரோட்டில் டயர் தேயும். மழையில் வழுக்கும் வளைவில் வண்டியின் பின்பாகம் சறுக்கவும் கூடும். முன்சக்கரம் இழுக்கும் காரில் போட்டாலோ ஸ்டியரிங் கனத்துவிடும். அதாவது, இதைப் போட்ட வண்டியை ஓட்டத் தனிப் பழக்கம் வேண்டும்.

மூன்றும் மூன்று விதம். விலையும் மூன்று விதம். ஆனால் கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் சொல்லி விற்கிறார்கள். அங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது. எந்த வகை, எவ்வளவு விசை கூடும், எப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்பதை விற்பவர் பில்லிலேயே எழுதித் தர வேண்டும். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் வாங்காமல் திரும்புவதே புத்திசாலித்தனம். கம்பெனி வாரண்டி உள்ள வண்டியானால், கூட்டைப் பிரிக்கும் முன் அவர்களைக் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

அதற்கும் முன்னால் செலவில்லாத காரியங்கள் இருக்கின்றன. டயரில் பட்டை இருக்கிறதா, காற்று சரியா, பாரம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். வண்டியில் ஒரு பலகையும் மண்வெட்டியும் இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வண்டி முதலாளியுடையது; அது ஓடுவதால் வரும் லாபமும் அவருடையது. அதற்குப் போடும் உதிரிபாகத்தின் செலவு மட்டும் டிரைவருடையது என்றால் அது என்ன நியாயம்? சம்பளத்தில் பிடிக்கச் சம்மதம் கேட்டால், "வண்டிச் செலவு வண்டிக்காரருடையது, ஐயா" என்று பணிவாகவே சொல்லுங்கள். தனியாகச் சொல்லத் தயக்கமானால் நாலு டிரைவர்கள் சேர்ந்து சொல்லுங்கள். டிஃபரன்ஷியல்கூட இரு பக்கமும் சமமாகத்தான் பங்கிடுகிறது. மனிதர்கள் அதைவிடக் குறைந்துவிடக் கூடாது.