அன்னதான அண்டாவில் ஒரு வெப்பமானி

ஸ்ரீரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலில் 2012-இல் தொடங்கிய நாள் முழுவதுமான அன்னதானம் போன்று பந்தி ஓயாத சமையற்கூடங்களில், சோறு வடித்த நேரத்துக்கும் அது இலைக்கு வரும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியே கவனத்துக்குரியது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் கொதியிலும் பிழைத்து, ஆறிக் கிடக்கும் சோற்றில் பெருகி, மறுபடி சூடாக்கினாலும் அழியாத நஞ்சை உண்டாக்கக்கூடியவை. புளிப்பு மிகுந்த புளியோதரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். வெண்பொங்கலுக்கு அந்தக் காப்பு இல்லை.

அமெரிக்க விண்வெளி வீரர்களின் உணவுக்காக 1960-களில் உருவான 'ஹாசப்' முறை, கெடுதல் நுழையும் இடத்தை முன்னரே கணித்து, அதைத் தடுத்தே ஆகவேண்டிய கட்டத்தை, அதாவது முக்கியக் கட்டுப்பாட்டு நிலையை, அளந்து கண்காணிக்கச் சொல்கிறது. இங்கு அந்நிலை, பரிமாறும்வரை உணவை 60 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் வைப்பதே. அண்டாவின் நடுவில் வெப்பமானியைச் செருகிப் பார்த்து, அளவு குறைந்தால் என்ன செய்வதென்றும் முன்பே எழுதிவைக்க வேண்டும். மாலையில் ஒரே மூச்சில், ஒரே பேனாவால் நிரப்பப்படும் வெப்பநிலைப் பதிவேடு ஹாசப் திட்டமாகாது. சுவரில் மாட்டிய சான்றிதழும் அப்படித்தான். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் திரளுமுன், மடைப்பள்ளிப் பணியாளருக்கும் திருச்சி உணவகத்தாருக்கும் உணவுப் பாதுகாப்புத் துறை இதை அடுப்படியிலேயே செய்துகாட்டிப் பயிற்றுவிக்க வேண்டும்.