பாதிப் பாட்டை யாரிடம் காட்டலாம்?

இப்போது பெரும்பாலான வீடுகளில் செல்போன் இருக்கிறது. அதில் குரலைப் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் என்று எந்த ஊர்ப் பிள்ளையும் சொந்தமாக மெட்டுப் போட்டு, பாடி, பதிவு செய்து பார்க்கலாம். ரொம்ப நல்ல விஷயம்!

ஆனால், பாட்டு பாதி வந்ததும் ஒரு கேள்வி வரும். 'இதை யாரிடமாவது போட்டுக் காட்டலாமா, வேண்டாமா?'

சிலர் வெட்கப்பட்டு யாருக்கும் காட்டாமல் மூடி வைத்து விடுகிறார்கள். சிலரோ, பாதிப் பாட்டையே வகுப்பு முழுவதற்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, யாரோ ஒருவர் சிரித்ததும் பாடுவதையே நிறுத்தி விடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பாதியில் கட்டாயம் காட்ட வேண்டும்; ஆனால், இரண்டு மூன்று பேருக்கு மட்டும்!

ஏன் பாதியிலேயே? உங்கள் அம்மாவோ, மாமாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ ஷூ கம்பெனியில் வேலை செய்தால், அவர்களைக் கேட்டுப் பாருங்கள். புது மாடல் ஷூவை எடுத்த எடுப்பிலேயே ஆயிரக்கணக்கில் தைத்துவிட மாட்டார்கள். முதலில் சாம்பிள் செய்வார்கள். வாங்கப் போகிறவர்கள் அதைப் பார்த்து, 'இந்தத் தையல் சரியில்லை', 'குதிகால் உயரத்தைக் குறையுங்கள்' என்பார்கள். திருத்தி, மறுபடியும் ஒரு சாம்பிள். அவர்கள் சம்மதித்த பிறகுதான் மொத்தத் தயாரிப்பு. எல்லாம் தைத்து முடித்துவிட்டு, 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டு என்ன பயன்? பாட்டும் அப்படித்தான். நான்கு வரி இருக்கும்போது திருத்துவது சுலபம்.

எப்படிக் கேட்பது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. 'நல்லா இருக்கா?' என்று கேட்டால், 'நல்லா இருக்கு' என்ற பதில்தான் வரும். அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

பீட்டில்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்த பால் மெக்கார்ட்னி என்ன செய்தார் தெரியுமா? ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது, அவர் மனதில் ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. 'இது நானே போட்டதா, இல்லை எப்போதோ கேட்டதா?' என்று அவருக்கே சந்தேகம். அதனால், பல நாட்கள் இசை தெரிந்தவர்களிடம் அதை வாசித்துக் காட்டி, 'இதை முன்பே கேட்டிருக்கிறீர்களா?' என்று கேட்டார். அந்த ஒரே கேள்விதான்! அப்போது பாட்டுக்கு வரிகள்கூட இல்லை. முட்டைப் பொரியலைப் பற்றிய வேடிக்கை வார்த்தைகளைப் போட்டு ஒப்பேற்றிக் கொண்டிருந்தார். யாருமே கேட்டதில்லை என்று உறுதியானதும்தான் பாட்டை முடித்தார். அதுதான் 1965ல் வெளியாகி உலகப் புகழ் பெற்ற 'யெஸ்டர்டே'.

நம் ஊர் இசையமைப்பாளர்களும் வரி வரும் முன்பு 'தன்னன்னா' என்று தத்தகாரத்தில் மெட்டைப் பாடிக் காட்டுவது வழக்கம்தான். ஆகவே, அரைகுறையாகக் காட்ட வெட்கமே வேண்டாம்.

நீங்களும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது?', 'எந்த வார்த்தை புரியவில்லை?', 'பல்லவி மனதில் நின்றதா?' இப்படிக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்.

போட்டுக் காட்டும் முன், பதிவைச் சரிபாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்திப் பாடுங்கள். குக்கர் விசிலும், தெருவில் போகும் கம்பெனி வேன் ஹாரனும் சேர்ந்து ஒலித்தால், கேட்பவர் விசிலைப் பற்றித்தான் பேசுவார். பாட்டைப் பற்றிப் பேச மாட்டார்!

இனி, கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நண்பன் பாட்டைப் போட்டுக் காட்டினால், உங்களுக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. தோலைத் தரம் பிரிப்பவர் என்ன செய்கிறார்? நல்ல வெளிச்சத்தில் தோலை விரித்து, முள் கீறிய தழும்பு எங்கே, உண்ணி கடித்த தடம் எங்கே, ஓட்டை எங்கே என்று பார்க்கிறார். குறை எங்கே என்று தெரிந்தால், வெட்டுபவர் அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுவார். 'இது மட்டமான மாடு' என்று மாட்டைத் திட்டினால் ஷூ வருமா?

அதுபோல, இடத்தைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள். 'இரண்டாவது வரியில் மூச்சு வாங்குகிறது, வரியைச் சின்னதாக்கு' என்றால், அதைத் திருத்தலாம். 'உன் குரல் தகரம் மாதிரி இருக்கு' என்றால், அவன் என்ன செய்வான்? பதின்மூன்று, பதினான்கு வயதில் பல பையன்களுக்குக் குரல் உடைவது இயற்கை. அது குற்றமா?

நம் பகுதியில் தமிழும், உருதும், தெலுங்கும் பேசும் வீடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை தமிழில் பாடும்போது, 'ழ' கொஞ்சம் வழுக்கலாம். தனியாகக் கூப்பிட்டு, நாக்கை எப்படி மடிப்பது என்று சொல்லிக் கொடுங்கள். அது உதவி. எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தால், அது கொடுமை. அடுத்த பாட்டை அவன் பாடவே மாட்டான். அதில் நஷ்டம் நமக்கும்தான்.

சொன்னதை எல்லாம் அப்படியே கேட்க வேண்டுமா? வேண்டாம்! பாட்டு உங்களுடையது. ஒருவர் மட்டும் சொன்னால் யோசியுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே இடத்தைக் காட்டினால், அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். அவர்கள் சொன்ன மாற்றம் பிடிக்காவிட்டால், வேறு மாற்றம் நீங்களே கண்டுபிடியுங்கள். உடனே கோபப்படாமல், ஒரு நாள் கழித்து மறுபடி கேட்டுப் பாருங்கள். பழைய பதிவை மட்டும் அழிக்காதீர்கள். சில நேரம் முதலில் பாடியதே நன்றாக இருக்கும்!

அந்தக் காலத்திலும் புது நூலை அவையில் அரங்கேற்றித்தான் புலவர்கள் வெளியிட்டார்கள். தொல்காப்பியரே பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் தம் நூலை விளக்கிக் காட்டியதாக அதன் பாயிரம் சொல்கிறது. அவ்வளவு பெரியவருக்கே ஒரு கேட்பவர் தேவைப்பட்டார் என்றால், நமக்கு வேண்டாமா?

அரங்கேற்றம் அப்புறம் இருக்கட்டும். செல்போனில் தூங்கும் அந்தப் பாதிப் பாட்டை எடுங்கள். உண்மையைச் சொல்லும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். இன்றைக்கே கேளுங்கள்!