கொழுந்தும் தட்டணுவும்

மாஞ்சோலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: பறித்த கொழுந்தைச் சாக்கில் திணித்துக் கசக்கினால் பேக்டரி வருமுன்பே சூடேறிச் சிவந்துவிடும். அது செடியின் குற்றமல்ல.

ரத்தத்தில் உள்ள தட்டணுக்களும், அதாவது பிளேட்லெட்டும், அப்படித்தான். என்னைப் போல ஸ்டென்ட் வைத்த சிலர், “எனக்கு ரெண்டரை லட்சம் இருக்கு, பயமில்லை” என்கிறார்கள். டெங்குவுக்கு எண்ணிக்கை முக்கியம். ரத்தக்குழாய் நோய்க்கோ, அவை எந்த அளவுக்குத் தூண்டப்பட்டு ஒட்டிக்கொள்கின்றன என்பதே கேள்வி. ஒளியைச் செலுத்தி அதை அளக்கும் முறையை குஸ்தாவ் பார்ன் 1962-லேயே கொடுத்தார். இப்போது தட்டணுவின் மேற்பரப்பில் வெளிப்படும் பி-செலக்டின் புரதத்தையும் அளக்கிறார்கள்.

ஆனால் கையை இறுக்கிக் கட்டி, மெல்லிய ஊசியால் உறிஞ்சி, குழாயைக் குலுக்கி, மணிக்கணக்கில் வைத்திருந்தால் தட்டணுக்கள் குழாய்க்குள்ளேயே தூண்டப்பட்டுவிடும். ரிப்போர்ட்டில் அதுவும் நோய்க்கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆகவே, டாக்டர் இந்தச் சோதனையை எழுதினால், ஊரில் ரத்தம் எடுத்துத் திருநெல்வேலிக்கு அனுப்பாமல் நாமே லேபுக்குப் போய்க் கொடுப்பதுதான் சரி. ஆஸ்பிரின் கடைசியாக எப்போது போட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிரான்சில் ஸ்டென்ட் வைத்த 2,440 பேரிடம் நடந்த ஆய்வில், சோதித்து மருந்தை மாற்றியதால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை என்று 2012-ல் தெரியவந்தது. ஒரு தாளை நம்பி மாத்திரையை நாமாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.