பதினோராம் மணி வேளையில் வந்தவர்

இருபத்தாறு வயது நிரம்பிய வாலிபனை நோக்கி, ‘நீ கற்ற வித்தையைக் கொண்டு பிழைக்கும் காலம் கடந்துவிட்டது, இனி வேறு வழி பார்’ என்று சொல்லி அனுப்பிவிடும் சபை ஒன்று ஜப்பான் தேசத்தில் உண்டு. அதன் பெயர் ஷோரேகாய். ஊக்கமளிக்கும் சங்கம் என்பது அச்சொல்லின் பொருள். பெயருக்கும் செயலுக்கும் உள்ள முரண் நகைப்பை விளைக்கலாம். ஆயினும் அச்சபையின் விதி முழுவதும் கொடிதென்று கூறுவார் கட்சியில் யான் சேரேன். அவ்விதியால் வெளியே தள்ளப்பட்டு, ஒன்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் உள்ளே வந்த ஸெகாவா ஷோஜி என்பாரின் வரலாற்றைக் கொண்டு என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

ஷோகி என்பது ஜப்பானியரது சதுரங்கம். நம் நாட்டுச் சதுரங்கமே கீழ்த்திசை நாடுகளிற் பரவி இவ்வுருவம் எய்தியது என்பர் ஆராய்ச்சியாளர். பலகையில் 81 கட்டங்கள். இரு திறத்தாருக்கும் இருபது இருபது காய்கள். காய்களுக்கு நிறவேற்றுமை இல்லை. ஐங்கோண வடிவான காயின் கூர்முனை எத்திசையை நோக்குகின்றதோ, அதனைக் கொண்டே அஃது யாருடையது என்று அறிதல் வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. வெட்டுண்ட காய் இங்கே பெட்டிக்குள் போவதில்லை; வெட்டியவர் அதனைத் தம் சேனையிற் சேர்த்துக்கொண்டு, பின்னர்த் தம் முறை வரும்போது வெறுங்கட்டம் ஒன்றில் இறக்கி ஆடலாம். நேற்றுப் பகைவனாயிருந்தவன் இன்று நம் படைவீரன். ஆகவே ஆட்டம் நீள நீளப் பலகை வெறுமையாவதற்கு மாறாகச் சிக்கலே மிகுகின்றது.

இவ்வாட்டத்தையே ஜீவனோபாயமாகக் கொண்டு வாழ விரும்புவோர் பள்ளிப் பருவத்திலேயே ஷோரேகாயிற் சேர்ந்து, ஆறாம் கியூ என்னும் படியிலிருந்து மூன்றாம் டான் வரையில் ஏறவேண்டும். அதற்கு மேல் உள்ள வாயிலோ மிகக் குறுகியது. மூன்றாம் டான் எய்தியவர்கள் ஆறு திங்களுக்கு ஒரு முறை தமக்குள் போட்டியிடுவர். ஒருவருக்குப் பதினெட்டு ஆட்டங்கள். முடிவில் முதல் இருவரே நான்காம் டான் பெற்றுத் தொழில்முறை ஆட்டக்காரராவர். ஆண்டொன்றுக்குப் பெரும்பாலும் நால்வர். இருபத்தாறு வயதுக்குள் இதனை எய்தாதவர் விலகவேண்டும். தோல்வியினும் வெற்றி மிகுதியாகப் பெற்று வருவோருக்கு மட்டும் இருபத்தொன்பது வரையில் தவணை உண்டு.

ஸெகாவா 1970-ல் யோகோஹாமா நகரிற் பிறந்தவர். 1984-ல், பதினான்கு வயதில், ஷோரேகாயிற் புகுந்தார். 1992-ல் மூன்றாம் டான் ஆனார். 1996-ல் வயது வரம்பு எய்தி விலக்கப்பட்டார். பன்னிரண்டு ஆண்டுகள்! மற்றவர் கல்லூரியிற் படித்துப் பட்டம் பெறும் காலமெல்லாம் இவர் பலகையின் முன் மண்டியிட்டு அமர்ந்திருந்தார். வெளியே வந்தபோது கையிற் பட்டமும் இல்லை, தொழிலும் இல்லை. சிறிது காலம் காய்களைப் பார்க்கவும் மனம் கூசிற்று.

இங்கேதான் அவ்விதியின் ஒரு நன்மையும் தோன்றுகின்றது. விலக்கப்பட்ட ஸெகாவா சர்வகலாசாலையொன்றில் இரவு வகுப்பிற் சேர்ந்து சட்டம் பயின்றார். பின்னர்க் கணிப்பொறி சம்பந்தமான ஸ்தாபனம் ஒன்றில் உத்தியோகம் பெற்றார். நாற்பது வயது வரையில் ‘அடுத்த பருவம், அடுத்த பருவம்’ என்று காத்திருக்க விட்டிருந்தால் இவை கைகூடியிருக்குமோ? நம்பிக்கை என்பது சில வேளைகளில் கடன்காரனைப் போல் மனிதனை விடாது பற்றி நிற்கும். அதனை அறுத்துவிட ஒரு விதி வேண்டியதே. குற்றம் வேறிடத்தில் இருந்தது. வயதை அளக்கும் கோலைக் கொண்டே திறமையையும் அளந்துவிட்டதாகச் சபையார் எண்ணினர். மூடிய கதவை மீண்டும் திறக்கும் வழி ஒன்றும் வைத்திலர்.

பிழைப்புக்காக ஆடவேண்டும் என்னும் அச்சம் நீங்கியபின் ஸெகாவாவின் ஆட்டம் வளர்ந்தது. 1999-ல் அமெச்சூர் மெய்ஜின் பட்டம் பெற்றார். அமெச்சூர்களுக்கும் இடமளிக்கும் கிங்கா என்னும் தொலைக்காட்சிப் போட்டியில் தொழில்முறை ஆட்டக்காரர் பலரை வென்றார். முதல் வரிசையில் வைத்தெண்ணப்பட்ட எட்டாம் டான் குபோ தோஷியாகியும் அவரிடம் தோற்றார். 2005-ல் தம்மைத் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்த்துக்கொள்ளும்படி ஜப்பான் ஷோகி சங்கத்துக்கு விண்ணப்பம் செய்தார்.

சங்கத்தில் எதிர்ப்பும் எழுந்தது. அதனை இகழ்தல் தகாது. வேதாகமத்தில், பதினோராம் மணி வேளையில் வந்தோருக்கும் சமமான கூலி கிடைத்தது கண்டு, பகலின் பாரத்தைச் சுமந்தோர் முறுமுறுத்ததை நாம் அறிவோம். இவர்களும் அவ்வாறே இளமை முழுவதையும் அக்குறுகிய வாயிலிற் செலவிட்டவர்கள். தம்முடன் இருந்து தள்ளுண்டு போன தோழர்களை நினைத்தவர்கள். ஆயினும் உவமையில் தலைவன் தன் தயவினால் கொடுத்தான். ஸெகாவா கேட்டதோ தயவன்று, பரீட்சை. மே மாதத்துப் பொதுக்கூட்டத்திற் பெரும்பான்மையோர் இசைந்தனர். இத்தகைய தனிப் பரீட்சை ஒன்று அதற்கு முன் நிகழ்ந்தது 1944-ல்; அப்போது ஹனமுரா மோதோஜி சேர்ந்தார். அவர் பணயம் வைத்து ஆடிப் பிழைத்தவர் என்பதை நம் ஆசிரியர்கள் மெச்சார். எனினும் பிற்காலத்தில் மெய்ஜின் பட்டத்துக்கே போட்டியிடும் அளவுக்கு உயர்ந்தார்.

ஆறு ஆட்டங்களில் மூன்று வெல்லவேண்டும் என்பது நிபந்தனை. பரீட்சையின் நடுக்கம் இன்னதென்று இவ்விதழை வாசிப்போருக்கு யான் சொல்லவேண்டுவதில்லை. முதல் ஆட்டத்தில், அந்நாளில் மூன்றாம் டானாயிருந்த ஸாதோ அமாஹிகோ என்னும் இளைஞரிடம் ஸெகாவா தோற்றார். (அவ்விளைஞரே 2016-ல் மெய்ஜின் ஆனார்.) மனம் தளர்ந்திருந்தபோது அவருக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. ஐந்தாம் வகுப்பில் அவருக்குக் கற்பித்த ஆசிரியை, சிறுவர் விரும்பும் சித்திரக்கதைப் பூனை டோராய்மோனின் படம் உள்ள அட்டையில், தேறுதலாகச் சில சொற்கள் எழுதியிருந்தார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தம்மிடம் படித்த பையனை அவ்வம்மையார் மறந்திலர். இரண்டாம் ஆட்டத்தில் வெற்றி. மூன்றாவதில் எதிரே அமர்ந்தவர் அதே குபோ. இம்முறை அவர் வென்றார். நான்காவதில் நகாய் ஹிரோஎ என்னும் பெண்மணியை ஸெகாவா வென்றார். நவம்பர் 6-ஆம் தேதி, ஐந்தாம் ஆட்டத்தில், தகானோ ஹிதேயுகியை வென்று தேறினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து.

சேர்ந்தவுடன் அவருக்குக் கிடைத்தது வரிசைப் போட்டிக்குப் புறம்பான கடையிடமே. 2009-ல்தான் வரிசைக்குள் ஏறினார். ஆனால் ஒருவருக்காகத் திறந்த கதவைச் சங்கத்தார் மீண்டும் மூடிவிடவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஆடிப் போதிய வெற்றி பெற்ற அமெச்சூர் எவரும், புதிதாகத் தேறிய ஐவரோடு ஆடி மூவரை வென்றால் சேரலாம் என்று 2006-ல் விதி வகுத்தனர். வயது வரம்பையும் நீக்கினாரில்லை. இரண்டும் ஒருங்கே நிற்பதே முறை என்பது என் எண்ணம். ஷோரேகாயிலிருந்து இருமுறை வெளியேறி, முதியோரைப் பேணும் இல்லத்திற் பணி செய்துகொண்டிருந்த இமைஸுமி கெஞ்சி, அவ்விதியின்படி 2014-ல், நாற்பத்தொரு வயதில், தேறினார். 2018-ல் என். எச். கே. கோப்பைப் போட்டியில் அவருக்கு எதிராக அமர்ந்தவர் பதினான்கு வயதிலேயே அவ்வாயிலைக் கடந்திருந்த ஃபுஜி ஸோட்டா. அன்று தலை தாழ்த்தித் தோல்வியை ஒப்புக்கொண்டவர் ஃபுஜி.